கணைய ஆபரேஷனுக்குப் பிறகு டிரெயின் டியூப்: வீட்டில் என்ன நடந்தால் என்ன செய்வது

கணையப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்களில் சிலர் வயிற்றில் டிரெயின் டியூபோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். வார்டில் இருந்தவரை அதை நாங்கள் பார்த்துக்கொண்டோம். வாசலில் வண்டி வந்து நின்றதும் அது மனைவியின் வேலையாகவோ மகனின் வேலையாகவோ ஆகிவிடுகிறது. அன்று ராத்திரியே போன் வரும். "சிஸ்டர், பையில இருக்கற தண்ணி நிறம் மாறியிருக்கு, பயமா இருக்கு." குடல், கணைய அறுவைப் பிரிவில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். அந்தப் போன்களில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் சர்ஜன் ஏதாவது ஒன்றை வேறு மாதிரி சொல்லியிருந்தால், அவர் சொன்னதையே செய்யுங்கள். நோயாளியின் வயிற்றைத் திறந்து பார்த்தவர் அவர்.

வீட்டில் எல்லாரும் அளவைத்தான் பார்க்கிறார்கள். "இன்னைக்கு 40 மில்லிதான் சிஸ்டர்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வது மாற்றத்தை. நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது? அதற்கு ஒரு நோட்டு வேண்டும். தேதி, நேரம், எத்தனை மில்லி, என்ன நிறம், வாடை உண்டா, உடம்புச் சூடு எவ்வளவு. ஒரு அம்மா பள்ளிக்கூட நோட்டில் "சுக்குத் தண்ணி மாதிரி", "நல்லெண்ணெய் மாதிரி" என்று தினமும் எழுதிக்கொண்டு வந்தார். ட்யூட்டி டாக்டர் அந்த நோட்டை வாங்கி, மூன்று பக்கம் புரட்டிவிட்டு, அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். எங்கள் சார்ட்டைவிட அது தெளிவாக இருந்தது.

எந்த டியூப் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விப்பிள் என்ற கணைய ஆபரேஷனில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையில் கொஞ்சம், எல்லாம் எடுக்கப்படும். மிச்சமிருக்கும் கணையம், பித்தக் குழாய், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு இணைப்பார்கள். இதில் கணைய இணைப்புதான் சர்ஜனுக்குத் தூக்கம் வராமல் செய்வது. கணையம் வெண்ணெய் மாதிரி மிருதுவாக இருந்தால் தையல் சரியாகப் பிடிக்காது. அங்கே ஒழுகுகிற நீர் வயிற்றுக்குள் தேங்கிவிடாமல் வெளியே வரத்தான் இந்த டியூப். கணையத்தின் வால்பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்கும் வெட்டிய முனையிலிருந்து ஒழுகலாம்.

சிலருக்குக் கைக்குள் அடங்கும் பல்பு இருக்கும். அதில் பெரும்பாலும் 100 மில்லி பிடிக்கும். அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடினால், அது விரியும்போது உள்ளே இருப்பதை உறிஞ்சும். பல ஆஸ்பத்திரிகளில் சாதாரணப் பைதான் மாட்டுவார்கள். அதில் உறிஞ்சும் வேலையே கிடையாது, தானாக வழிந்து இறங்க வேண்டியதுதான். அதனால் பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் கிடக்கக் கூடாது. பல்போ பையோ, லுங்கியிலோ நைட்டியிலோ ஊக்கு குத்தி மாட்டிவிடுங்கள். ஊக்கு அதற்கென்று உள்ள காதில் போக வேண்டும், டியூபில் குத்திவிடக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். நம் நோயாளிகள் பலருக்கு டிரெயினோடு சிறுகுடலுக்குள் போகும் ஃபீடிங் டியூபும் இருக்கும். இரண்டும் பக்கம் பக்கமாக வயிற்றிலிருந்து வெளியே வரும். அரைத்தூக்கத்தில் கஞ்சித் தண்ணீரை டிரெயினுக்குள் ஏற்றிவிட்டால் அது வயிற்றுக்குள்ளேயே போய்க் கொட்டும். டிஸ்சார்ஜ் அன்றே சிஸ்டரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டியூபிலும் பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் "சாப்பாடு", "டிரெயின் வலது", "டிரெயின் இடது" என்று எழுதிவிடுங்கள். இரண்டு டிரெயின் இருந்தால் நோட்டிலும் இரண்டு பத்தி. இரண்டையும் கூட்டி எழுதினால் எங்கே பிரச்சினை என்று டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: வெளிறியிருந்த நீர் மறுபடி சிவப்பாகிவிட்டது

இதற்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. அதனால்தான் முதலில் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்த முதல் ஓரிரு நாள் டிரெயினில் குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி வருவது இயல்பு. பிறகு அது ரோஸ் ஆகி, வைக்கோல் நிறத்துக்கு இறங்கும். அப்படி இறங்கிய பிறகு, ஐந்து நாளோ மூன்று வாரமோ கழித்து, புது ரத்தம் வந்தால் அது சின்ன விஷயமில்லை. இரண்டு ஸ்பூன் வந்து தானாக நின்றுவிட்டாலும் சரி, உறைந்த ரத்தக் கட்டி ஒன்றே ஒன்று வந்தாலும் சரி.

காரணம் இதுதான். விப்பிளில் கணையத் தலைக்குப் போகும் ஒரு தமனியைக் கட்டி வெட்டிவிடுகிறார்கள். கணைய நீர் ஒழுகினால், இறைச்சியைச் செரிக்கவைக்கும் அதே நீர் அந்தத் தமனியின் கட்டிய முனையையும் அரிக்கும். முனை பலூன் மாதிரி உப்பி, முதலில் கொஞ்சமாகக் கசிந்து நின்றுவிடும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ பெரிதாக வெடிக்கும். முதலில் வரும் அந்தக் கொஞ்சம் ரத்தத்தைத்தான் எச்சரிக்கை ரத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் வந்துவிட்டால் சிடி ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்து, பெரும்பாலும் இடுப்பு மடிப்பு வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, கசியும் தமனியை உள்ளிருந்தே அடைக்க முடியும். பெரிதாக வெடித்த பிறகு வந்தால் நேரம் எங்கள் கையில் இருக்காது. "ராத்திரி ரெண்டு ஸ்பூன்தான் சிஸ்டர் வந்துச்சு, நின்னுருச்சு, காலையில போகலாம்னு இருந்தோம்" என்று சொல்லிக்கொண்டு, நாடி 130 ஓடும் மனிதரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் பிழைத்தார். அந்த ராத்திரியை அந்தக் குடும்பம் மறக்காது, நானும் மறக்கவில்லை.

செய்ய வேண்டியது: 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் செய்த இடத்துக்கோ, ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ நேராகப் போங்கள். டிரெயினைக் காலி செய்ய வேண்டாம், அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி நடந்துகொண்டிருந்தால், கடைசியாக எப்போது போட்டது என்பதைக் கேஷுவாலிட்டியில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டிரெயினில் ஒன்றுமில்லாமல் ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வியர்த்துத் தலை சுற்றினாலோ அப்போதும் இதே அவசரம்தான்.

அறிகுறி: பச்சை, பழுப்பு, சுக்குக் காபி நிறம், அல்லது இளநீர் போலத் தெளிவு

பாசிப்பச்சையோ பொன்மஞ்சளோ என்றால் பித்தமாக இருக்கலாம். அழுக்குப் பழுப்பு, சுக்குக் காபி நிறம் என்றால் கணைய நீர் கலந்த ஒழுக்காக இருக்கலாம். இவற்றைப் பார்த்துப் பயந்து போன் செய்கிறார்கள், அது சரி. கவலைப்படாமல் விட்டுவிடுவது தெளிவான நீரைத்தான். சுத்தக் கணைய நீர் நிறமே இல்லாமல், இளநீர் மாதிரி இருக்கும். முக்கியமாக வால்பகுதி எடுத்தவர்களுக்கு. "தண்ணி தெளிஞ்சிருச்சு" என்று அளவைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாததால்தான் டிரெயின் நீரில் அமைலேஸ் என்ற கணையச் செரிமானப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதனை செய்கிறார்கள். கணைய சர்ஜன்கள் உலக அளவில் 2005-இல் வகுத்து 2016-இல் திருத்திய ஒரு வரையறை இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாம் நாளோ அதற்கு மேலோ, டிரெயின் நீரின் அமைலேஸ், ரத்தத்தில் இயல்பாக இருக்கக்கூடிய உச்ச அளவைவிட 3 மடங்குக்கு மேல் இருந்தால் ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதனால் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல், சிகிச்சையும் மாறாமல் இருந்தால் அதை வெறும் பரிசோதனை அளவிலான ஒழுக்கு என்று விட்டுவிடலாம். அதனாலேயே டியூபை 3 வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டி வந்தால், உண்மையான ஃபிஸ்டுலா (கணைய ஒழுக்கு), பி கிரேடு என்று கணக்கு. ரிப்போர்ட்டில் "பி கிரேடு" என்று பார்த்துவிட்டுப் புற்றுநோய் பரவிவிட்டதோ என்று அழுத மகள் ஒருத்திக்கு இதைச் சொல்லிப் புரியவைத்திருக்கிறேன். அது ஒழுக்கின் கிரேடு. புற்றுநோயின் நிலையைச் சொல்வது பயாப்ஸி ரிப்போர்ட், அது வேறு தாள்.

புதிதாக நிறம் மாறினால் அன்றைக்கே சர்ஜன் டீமுக்குப் போட்டோ அனுப்பிப் பேசுங்கள். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி பின்னால் வைத்து எடுங்கள். டியூப் லைட்டில் எல்லாமே பச்சையாகத் தெரியும்.

வீட்டில் நடக்கும் ஒரு தவறு: டிரெயின் அளவு குறையட்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துவிடுவது. "சாப்பிட்டாத்தானே ஊறும்" என்பார்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். அவர் சாப்பிடச் சொல்லியிருக்கும்போது நீங்களாகப் பட்டினி போட்டால், அந்த இணைப்பு ஆறுவதற்கு வேண்டிய சத்துக்கே வழியில்லாமல் போகும்.

அறிகுறி: நீர்மோர் போல வெள்ளையாக வருகிறது

எண்ணெய், நெய், பால் சேர்த்த சாப்பாடு ஆரம்பித்த பிறகு இப்படி வந்தால், கொழுப்பைச் சுமக்கும் நிணநீர்க் குழாயிலிருந்து கசிகிறது என்று நினைக்கலாம். பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமைத் தொட்டாலோ தாண்டினாலோ உறுதி. பெரும்பாலும் சாப்பாட்டு மாற்றத்திலேயே சரியாகிவிடும். ஆனால் எந்த எண்ணெய், எவ்வளவு என்பதை டயட்டீஷியன்தான் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் நல்லதாம் என்று கேள்விப்பட்டு நாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம். வெள்ளையோடு கெட்ட வாடையும் கெட்டியும் சேர்ந்திருந்தால் அது சீழாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

அறிகுறி: நேற்றுவரை வந்தது, இன்று திடீரென்று ஒன்றுமே வரவில்லை

80, 60, 45, 30 என்று இறங்கி நின்றால் அது நல்ல செய்தி. 80-லிருந்து ஒரே நாளில் 0 என்றால் அடைப்பா என்று பாருங்கள். முதலில் நோயாளியின் முதுகுப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பாதி நேரம் டியூப் அவருக்கு அடியிலோ பெல்ட்டுக்குள்ளோ மடிந்து கிடக்கும். அப்புறம் டியூபை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டி தெரிகிறதா என்று பாருங்கள்.

நீவிவிடச் சொல்லியிருந்தால் மட்டும் நீவிவிடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலுக்கு ஒட்டி டியூபை இறுக்கிப் பிடியுங்கள். கடைசிவரை அந்தக் கை அசையக் கூடாது. உள்ளே இருக்கும் தையலைக் காப்பாற்றுவது அந்தக் கைதான். வலது கை விரல்களுக்கு நடுவில் ஸ்பிரிட் பஞ்சு வைத்து, இடது கைக்குக் கீழேயே டியூபை நசுக்கி, பல்பு பக்கமாக மெதுவாக வழுக்கிக்கொண்டு போங்கள். கறுப்புப் புழு மாதிரி கட்டி நகர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். இரண்டு மூன்று தடவை செய்தும் நகரவில்லையென்றால் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி அடைப்பை எடுக்கும் வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் பார்த்துப் போட்ட, நுனி சுருண்ட மெல்லிய குழாய்க்கு மட்டும் சலைன் விடச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் சொன்ன அளவு மட்டும் விடுங்கள். விட்ட சலைனை அன்றைய கணக்கில் கழிக்கவும் மறக்காதீர்கள்.

டிரெயின் நின்று, அதே நாளில் காய்ச்சலோ, வயிற்று உப்புசமோ, புதிதாக வலியோ, இடது தோள்பட்டை வரை ஏறும் குத்தலோ வந்தால் நீர் உள்ளே தேங்குகிறது என்று வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அறிகுறி: பல்பு அழுத்தி மூடிய உடனே உப்பிவிடுகிறது

மூடியைத் திறந்து, பல்பை முழுக்க நசுக்கி, நசுக்கிய நிலையிலேயே மூடியை மறுபடி அழுத்துங்கள். மறுபடியும் காற்று நிறைகிறதென்றால் மூடி, இணைப்பு, டியூபில் கீறல் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தோல் பக்கம் பாருங்கள். உள்ளே இருக்க வேண்டிய பக்கவாட்டு ஓட்டை ஒன்று வெளியே எட்டிப் பார்த்தால் டியூப் நழுவியிருக்கிறது. உள்ளே தள்ளாதீர்கள், காஸ் (புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணி) வைத்து ஒட்டிவிட்டுப் போன் செய்யுங்கள். பை வைத்திருப்பவர்கள் பைக்குள் காற்று இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

அறிகுறி: டியூபைச் சுற்றிக் கசிகிறது, தோல் எரிகிறது

நீர் டியூபுக்குள் போகாமல் ஓரமாக வருகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே அடைப்பு. மேலே சொன்ன மாதிரி மடிப்பையும் கட்டியையும் பாருங்கள். நனைந்த காஸைத் தூக்கி எறியும் முன், சமையலறைத் தராசில் ஒரு கவர் வைத்து எடை போடுங்கள். காய்ந்த காஸின் எடையைக் கழித்தால், மிச்சமுள்ள ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு. இதை எழுதாததால்தான் "டிரெயின் குறைஞ்சிருச்சு" என்று பொய்யாக ஒரு நிம்மதி வருகிறது.

கணைய நீர் குடல் நீரோடு கலந்து தோலில் பட்டால் சில மணி நேரத்திலேயே சிவந்து, உரிந்து, தீப்பட்ட மாதிரி எரியும். ஆறிய வெந்நீரால் கழுவி, ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். புண்ணான தோலில் ஸ்பிரிட் வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் துத்தநாக ஆக்ஸைடு களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குக் கனமாகப் பூசி, மேலே காஸ் வையுங்கள். காஸ் நனைந்த உடனே மாற்ற வேண்டும். "காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை" என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது. மாற்றி மாற்றிக் கட்டுப்படவில்லையென்றால், மலப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒட்டும் ஸ்டோமா பையை டியூபைச் சுற்றி ஒட்டிவிடச் சொல்லிக் கேளுங்கள். நாலு நாளாகத் தூங்காமல் இருந்த ஒரு ஐயா, அந்தப் பை ஒட்டிய அன்று மத்தியானமே குறட்டை விட்டார். மஞ்சள், வேப்பிலை அரைத்தது, விபூதி எதையும் அந்த ஓட்டை பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். மனசுக்கு விபூதி வேண்டுமென்றால் நெற்றியில் இட்டுவிடுங்கள்.

அறிகுறி: அளவு திடீரென்று கூடிவிட்டது

படுத்தே இருந்தவர் எழுந்து நடக்க ஆரம்பித்தால், தேங்கிக் கிடந்தது ஒரே தடவையில் இறங்கும். அடுத்த நாள் பழைய அளவுக்கு வந்துவிடும். அப்படி வராமல், நேற்றைவிட இரண்டு மடங்கு என்று தொடர்ந்தால் அன்றே சொல்லுங்கள். நிறைய நாள் நிறைய ஒழுகினால் நீரோடு உப்புச்சத்தும் போகும். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, ஆள் துவண்டு போனால் ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கும்.

அறிகுறி: காய்ச்சல், குளிர் நடுக்கம்

100.4 டிகிரியைத் தொட்டால் போன். நடுங்கிக் குளிர் வந்தால் போன் கூட வேண்டாம், கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன்னால் சூடு பார்த்து எழுதுங்கள். மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்த்தால் 99 காட்டும், ட்யூட்டியில் இருப்பவர் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடக்கூடும்.

அறிகுறி: தையல் விட்டுவிட்டது, அல்லது டியூபே வெளியே வந்துவிட்டது

தையல் மட்டும் விட்டிருந்தால் டியூபைத் தோலோடு இரண்டு இடத்தில் பிளாஸ்டர் போட்டு அசையாமல் ஒட்டி, தோல் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு நகர்ந்தால் டியூப் நகர்ந்திருக்கிறது. அன்றே போய்த் தையல் போட்டுக்கொள்ளலாம்.

முழுக்க வந்துவிட்டால், என்ன ஆனாலும் திரும்ப உள்ளே விடாதீர்கள். சுத்தமான காஸால் ஓட்டையை மூடுங்கள். வந்த டியூபைத் தூக்கிப் போடாமல் கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். நுனி முழுசாக வந்திருக்கிறதா, ஏதாவது துண்டு உள்ளே நின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள். ராத்திரி பாத்ரூம் போக எழும்போது கட்டில் கம்பியில் மாட்டித்தான் அநேகமாக இது நடக்கிறது. பையைக் கட்டிலில் கட்டாமல் ஆளோடு கட்டினால் பாதி விபத்து குறையும்.

அறிகுறி: அடுத்த பெட்டுக்காரருக்கு எடுத்துவிட்டார்கள், எங்களுக்கு மட்டும் எடுக்கவில்லை

இது உடம்பின் அறிகுறியில்லைதான். ஆனால் இதற்காக அழுதவர்கள் நிறையப் பேர். இத்தாலியின் வெரோனா நகர மருத்துவர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு மறுநாள் டிரெயின் அமைலேஸ் 5000 யூனிட்டுக்குள் இருந்தவர்களில் சிலருக்கு மூன்றாம் நாளே டியூபை எடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஐந்தாம் நாளோ அதற்கு மேலோ எடுத்தார்கள். சீக்கிரம் எடுத்தவர்களுக்குத்தான் தொந்தரவு குறைவாக இருந்தது. தேவையில்லாமல் வைத்திருந்தால் டியூப் வழியாகவே கிருமி போகும். ஒழுக்கு இருக்கும்போது எடுத்துவிட்டால் நீர் உள்ளே தேங்கும். அதனால் நாளை எண்ணி எடுப்பதில்லை. அமைலேஸ், நிறம், அளவு, காய்ச்சல் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. சில சர்ஜன்கள் ஒரே தடவையில் எடுக்காமல், வாரத்துக்குச் சில சென்டிமீட்டராக இழுத்து, பின்னாலேயே பாதை மூடிக்கொண்டு வரும்படி செய்வார்கள். "பாதிதான் இழுத்திருக்காங்க, மறந்துட்டாங்களோ" என்று நினைக்க வேண்டாம்.

அறிகுறி: டியூப் எடுத்துவிட்டார்கள், ஓட்டையிலிருந்து கசிகிறது

எடுத்த ஓரிரு நாள் வெளிர் மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்து, காஸில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம் பட்டு நின்றால் சரி. தையல் போட மாட்டார்கள், தானாக மூடும். உடை நனையும் அளவுக்கு வந்தாலோ, நிறம் பச்சையோ சிவப்போ ஆனாலோ, நின்ற பிறகு காய்ச்சல் வந்தாலோ பழையபடி நோட்டோடு வந்து காட்டுங்கள். கசிவு நின்று ஓட்டை மூடியதும், மேலே தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் குளிக்கட்டும். குளம், கிணறு, கடல் எல்லாம் இன்னும் சில வாரம் போகட்டும்.